நரம்பு முடிச்சில் என்ன நடக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

நரம்புகள் சேதி கடத்தப் பயன்படுத்தும் வேதிப்பொருளான அசிட்டைல்கோலின் பற்றியும் அதைத் தொட்டு வேலை செய்யும் மருந்துகள் பற்றியும் சேலம் மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன. மருந்தியல், அவசர சிகிச்சைத் துறை ஆசிரியர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள்.

செய்முறை வகுப்பில் கணினித் திரையில் நாயின் ரத்த அழுத்த வரைபடம் காட்டுகிறார்கள். அசிட்டைல்கோலின் செலுத்தினால் கோடு இறங்குகிறது. அட்ரோபின் கொடுத்துவிட்டு அதையே அதிக அளவில் செலுத்தினால் ஏறுகிறது. மனப்பாடம் செய்துவிட்டேன்; புரியத்தான் இல்லை. – பி.பார்ம் மாணவி, அழகாபுரம்

மூளைத்தண்டிலிருந்தோ தண்டுவடத்திலிருந்தோ புறப்படும் தன்னியக்க நரம்பு (நாம் நினைக்காமலே உறுப்புகளை இயக்கும் நரம்பு) நேராக இதயத்துக்கோ குடலுக்கோ போவதில்லை. வழியில் ஒரு முடிச்சில், அதாவது கேங்லியானில், அடுத்த நரம்புச் செல்லிடம் சேதியை ஒப்படைக்கிறது. ஈரோட்டிலிருந்து வருகிறவர் சேலம் ஜங்ஷனில் இறங்கி விருத்தாசலம் வண்டி பிடிப்பது போல. உடலை முடுக்கிவிடும் பரிவு நரம்பு, ஆசுவாசப்படுத்தும் துணைப்பரிவு நரம்பு என இரண்டு ‘லைன்’ இருந்தாலும், முடிச்சில் கைமாறும் பொருள் இரண்டுக்கும் ஒன்றே: அசிட்டைல்கோலின். உங்கள் வரைபடத்தின் மர்மம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

முடிச்சில் உள்ள நரம்புச் செல்லின் மேல் இரண்டு வகை ஏற்பிகள், அதாவது அசிட்டைல்கோலின் வந்து தட்டும் ‘கதவுகள்’, உண்டு. நிகோட்டினிக் ஏற்பி என்பது ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாக நின்று நடுவே விடும் துளை. அசிட்டைல்கோலின் ஒட்டியதும் துளை திறந்து சோடியம் உள்ளே பாய்கிறது. சுமார் 30 மில்லி விநாடியில் வேலை முடிந்துவிடும். செய்தியைக் கடத்துவது இதுதான். எம்1 எனப்படும் மஸ்கரினிக் ஏற்பி நிதானமானது. பொட்டாசியம் வெளியேறும் ஒரு வழியை அடைத்து, சுமார் 30 விநாடிக்குச் செல்லை ‘சூடாக’ வைத்திருக்கிறது. அடுத்து வரும் சேதி எளிதாக ஏறுவதற்கான ஏற்பாடு அது.

இப்போது வரைபடத்துக்கு வாருங்கள். குறைந்த அளவு அசிட்டைல்கோலின் ரத்தத்தில் போனால் அது முதலில் தொடுவது முடிச்சை அல்ல. ரத்தக் குழாயின் உட்சுவரையும் இதயத்தையும்தான். இரண்டிலும் இருப்பவை மஸ்கரினிக் ஏற்பிகள். குழாய் விரிகிறது, துடிப்பு குறைகிறது, கோடு இறங்குகிறது. அட்ரோபின் இந்த மஸ்கரினிக் கதவுகளைச் சாத்திவிடும். அதே சிறிய அளவை மறுபடி கொடுத்தால் கோடு அசையாது. பல மடங்கு கூட்டிக் கொடுத்தால் ரத்தத்திலுள்ள கோலினெஸ்டரேஸ் நொதியால் அவ்வளவையும் சிதைக்க முடியாமல் போக, மிச்சம் முடிச்சுகளை எட்டுகிறது. அங்கே நிகோட்டினிக் கதவுக்கு அட்ரோபின் பூட்டு போடவில்லையே! பரிவு முடிச்சும் துணைப்பரிவு முடிச்சும் சேர்ந்தே கிளம்புகின்றன. துணைப்பரிவு நரம்பு இதயத்தில் போய்த் தட்டும் கதவு மஸ்கரினிக். அது ஏற்கெனவே சாத்தியிருக்கிறது. ஆகவே பரிவு நரம்பின் நார்அட்ரினலினும், அட்ரினல் சுரப்பியின் அட்ரினலினும் மட்டுமே பேசுகின்றன. அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியே உருமாறிய ஒரு பரிவு முடிச்சுதான் என்பதையும் எழுதுங்கள், கேட்பார்கள். கடைசியாக, முடிச்சின் நிகோட்டினிக் கதவை அடைக்கும் ஹெக்ஸாமெத்தோனியம் கொடுத்தால் இந்த ஏற்றமும் நின்றுவிடும். ‘ஏற்றம் முடிச்சு வழியாகத்தான் வந்தது’ என்பதற்கு அதுவே சாட்சி.

“அட்ரோபின் அசிட்டைல்கோலினின் செயலைத் தலைகீழாக்குகிறது” என்று எழுதுவது தேர்வில் அடிக்கடி வரும் பிழை. அட்ரோபின் எதையும் தலைகீழாக்கவில்லை. மறைந்திருந்ததை வெளியே காட்டியது, அவ்வளவே. கோடு முதலில் சற்று இறங்கி, பிறகு ஏறினால் அட்ரோபின் அளவு போதவில்லை என்று பொருள்.

ஹெக்ஸாமெத்தோனியம் இரண்டு நைட்ரஜன் முனைகளும் இடையே ஆறு கார்பனும் கொண்டது. பத்து கார்பன் வைத்தால் டெக்காமெத்தோனியம். அது முடிச்சை விட்டுவிட்டுத் தசையை முடக்கும். இரண்டு இடத்திலும் நிகோட்டினிக் ஏற்பிதான் என்றாலும், துண்டுகளின் சேர்க்கை வேறு. பேட்டனும் ஸைமிஸும் 1948இல் இதைக் காட்டினார்கள். 1950களில் கடுமையான ரத்தக் கொதிப்புக்கு ஹெக்ஸாமெத்தோனியம் மருந்தாகவே இருந்தது. அழுத்தம் இறங்கியது உண்மை. ஆனால் முடிச்சை அடைத்தால் அந்த உறுப்பில் யார் ஆட்சியோ அவர்தான் கவிழ்வார். குழாயில் ஆள்வது பரிவு. எழுந்து நின்றால் மயக்கம். கண்பாவை, குடல், சிறுநீர்ப்பை, உமிழ்நீர் ஆகியவற்றில் துணைப்பரிவு ஆள்கிறது. எனவே கண் கூசி, மலம் கட்டி, சிறுநீர் நின்று, வாய் காய்ந்தது. வேறு மருந்து வந்ததும் நோயாளிகள் அதைக் கைவிட்டதில் வியப்பில்லை.

என் கணவர் பருத்திக்கு மருந்தடித்துவிட்டு வந்து வியர்த்துக் கொட்டி, எச்சில் ஒழுகி, வாந்தி எடுத்தார். கண்பாவை புள்ளியாகச் சுருங்கியிருந்தது. ஆனால் நாடி 120 இருந்தது. “பூச்சிமருந்து விஷமென்றால் நாடி குறையுமே, இது வெயில் மயக்கம்” என்று ஒருவர் சொன்னதால் ஒரு மணி நேரம் தாமதித்தோம். இப்போது நலம். நாடி ஏன் குறையவில்லை? – வாசகி, ஓமலூர்

சொன்னவர் பாதி சரி. அந்தப் பாதிதான் ஆபத்து. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைப் பூச்சிமருந்துகள் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்குகின்றன. உடம்பில் அசிட்டைல்கோலின் வெளிப்படும் இடமெல்லாம் அது தேங்குகிறது. மஸ்கரினிக் இடங்களில் தேங்கினால் எச்சில், வியர்வை, வாந்தி, பேதி, மூச்சுக்குழலில் சளி, சுருங்கிய கண்பாவை, குறைந்த நாடி. பரிவு முடிச்சிலும் அட்ரினல் சுரப்பியிலும் தேங்கினால் நாடி ஏறும், ரத்த அழுத்தம் ஏறும், சிலருக்குக் கண்பாவைகூட விரியும். எது மேலோங்கும் என்பது மருந்து, அளவு, நேரம் மூன்றையும் பொறுத்தது. போதாததற்கு, மூச்சு முட்டி ஆக்சிஜன் குறைந்தாலும் நாடி ஓடும். எனவே நாடியை வைத்து ‘விஷம் இல்லை’ என்று முடிவுகட்டக் கூடாது. வெயில் மயக்கத்தில் கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்காது; எச்சில் ஒழுகாது. மருந்தடித்த கையோடு இவை இரண்டும் சேர்ந்து வந்தால் வேறு யோசனையே வேண்டாம்.

செய்ய வேண்டியது: காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுவந்து, உடை முழுவதையும் கழற்றி, தலைமுடி, காதுமடல், நகக்கண் உட்பட சோப்பும் நிறைய நீரும் விட்டுக் கழுவுங்கள். கழுவுகிறவர் கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொள்ள வேண்டும். இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வையுங்கள். உப்புத் தண்ணீர், மோர், முட்டை எதையும் ஊட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நினைவு மங்கியவருக்கு அது நுரையீரலுக்குள் போகும். 108ஐ அழையுங்கள். மருந்து டப்பாவையோ லேபிளையோ மறக்காமல் எடுத்துப் போங்கள். லேபிளின் முக்கோணம் சிவப்பென்றால் மிகக் கடும் நஞ்சு, மஞ்சள் கடும் நஞ்சு, நீலம் மிதம், பச்சை குறைவு. டாக்டருக்கு நிறத்தைவிட உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்தான் முக்கியம். இமிடாகுளோபிரிட் போன்றவை நொதியைத் தொடுவதில்லை. பூச்சியின் நிகோட்டினிக் ஏற்பியில் நேரடியாகப் போய் உட்காருகின்றன. அதற்கு ஆர்கனோபாஸ்பேட் மாற்றுமருந்து பயன்படாது.

மருத்துவமனையில் என்ன நடக்கும் என்பதைத் தெரிந்துவைத்திருப்பதும் நல்லது. முதல் மருந்து அட்ரோபின். நம் ஊரில் கிடைக்கும் ஆம்ப்யூலில் 0.6 மில்லிகிராம், பெரியவருக்குத் தொடக்கத்தில் 3 முதல் 5 ஆம்ப்யூல் வரை ரத்தக் குழாயில் (சிரையில்) போடுவார்கள். ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் இரட்டிப்பார்கள். குறி, நெஞ்சில் களகளப்பு அடங்குவது, அக்குள் காய்வது, நாடி 80க்கு மேலும் மேல் ரத்த அழுத்தம் 80க்கு மேலும் நிற்பது. நாடி ஏற்கெனவே 120 என்பதற்காக அட்ரோபினைத் தள்ளிப்போடக் கூடாது. அந்த வேகம் முடிச்சிலிருந்து வந்தது, நெஞ்சின் சளியோ மஸ்கரினிக். உயிரை எடுப்பது சளிதான். கண்பாவை விரிகிறதா என்பதை மட்டும் நம்பி அளவை ஓட்டுவதும் தவறு. அளவு மிஞ்சினால் காய்ச்சல், பிதற்றல், குடல் சத்தம் நின்றுபோதல் வரும். சற்று நிறுத்திவிட்டு, குறைந்த வேகத்தில் தொடருவார்கள்.

அட்ரோபின் செய்யாதது ஒன்று உண்டு. முடிச்சிலும் தசையிலும் உள்ள நிகோட்டினிக் கதவுக்கு அதனால் எதுவும் ஆகாது. பிராலிடாக்ஸிம் என்ற மருந்து ஆர்கனோபாஸ்பேட்டை நொதியிலிருந்து பிய்த்தெடுக்கும் வேலைக்காகத் தரப்படுகிறது. பிடிப்பு முதிர்ந்துவிட்டால் பிய்க்க முடியாது. நீங்கள் தாமதித்த ஒரு மணி நேரத்தின் விலை அங்கேதான் தெரியும். பலன் எல்லா மருந்துக்கும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை என்பதால் டாக்டருக்கு டாக்டர் முடிவு மாறும். கார்பமேட் என்றால் நொதி பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தானாக மீளும்.

தேறிவிட்டார் என்று மறுநாளே வீட்டுக்குக் கூட்டிப் போக அவசரப்படாதீர்கள். ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் சிலருக்கு மூச்சுத் தசை தளரும். முதல் அறிகுறி மிக எளியது: மல்லாந்து படுத்தபடி தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாது. காலையும் மாலையும் தூக்கச் சொல்லிப் பாருங்கள்.

இனி மருந்தடிக்கும்போது: முதுகில் மாட்டும் டேங்கின் மூடி வாஷர் கசிகிறதா என்று முதலில் வெறும் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முதுகு நனைந்தபடி மூன்று மணி நேரம் நடந்தால் அது தோல் வழியாகக் குடித்ததற்குச் சமம். துணிக் கையுறை வேண்டாம், அது மருந்தை உறிஞ்சிக் கையோடு ஒட்டவைக்கும். நைட்ரைல் கையுறை வாங்குங்கள். அடைத்த நாசிலை வாயால் ஊதவே கூடாது. அந்த உடையைக் குழந்தைகள் துணியோடு சேர்த்து ஊறப்போடாதீர்கள்.

கைனிப் புகையிலையைக் கைவிடுவதற்காக நிகோட்டின் கம் மெல்லுகிறேன். விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம், ஆசை அடங்கவில்லை. காலையில் காபியோடுதான் போடுகிறேன். – எஸ்டேட் மேஸ்திரி, ஏற்காடு

காபியைக் குற்றம் சொல்ல ஏற்காட்டுக்காரருக்கு மனம் வராது. ஆனாலும் குற்றவாளி அதுதான். நிகோட்டின் காரத்தன்மை உள்ள வாயில்தான் கன்னத்தோல் வழியாக ஊறும். காபி வாயைப் புளிப்பாக்குகிறது. நிகோட்டின் ஊறாமல் எச்சிலோடு வயிற்றுக்கு இறங்கி விக்கலைத் தருகிறது. கைனியில் சுண்ணாம்பு கசக்கிப் போட்டால் ‘சுர்’ரென்று ஏறுவதும் இதே கணக்கால்தான். கம் போடுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே காபி, டீ, எலுமிச்சைச் சாறு வேண்டாம். பபிள்கம் போலத் தொடர்ந்து மெல்லாதீர்கள். மிளகுக் காரம் போலச் சுரீர் என்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்குங்கள். சுரீர் அடங்கியதும் நாலு மெல்லு, மறுபடி ஒதுக்கல். அரை மணி நேரம். முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணிக்கு ஒன்று. எழுந்த அரை மணிக்குள் கைனி தேடுகிறவர் என்றால் 2 மில்லிகிராம் போதாமல் இருக்கலாம். 4 மில்லிகிராம் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

முதன்முதலில் புகையிலை போட்ட அன்று தலைசுற்றி, வியர்த்து, வாந்தி வந்திருக்குமே! மூளை ஒருபுறம் இருக்க, இரண்டு வகை முடிச்சுகளும் ஒரே நேரத்தில் உசுப்பப்பட்டதும் அதில் சேர்த்தி. நாடி ஏறுவது பரிவின் வேலை. குடல் புரள்வது துணைப்பரிவின் வேலை. அளவு மிஞ்சினால் கதை திரும்பும். அசிட்டைல்கோலினைப் போல நிகோட்டின் உடனே சிதைவதில்லை. ஏற்பியை விடாமல் பிடித்திருப்பதால் செல்லின் மின்னழுத்தம் பழைய நிலைக்குத் திரும்பாது. பிறகு ஏற்பியே மரத்துப்போகும். தூண்டியதே அடைப்பானாகிவிடுகிறது. லாங்லியும் டிக்கின்ஸனும் 1889இல் கழுத்து முடிச்சின் மேல் நிகோட்டினைத் தூரிகையால் தடவி, அதைத் தாண்டிச் சேதி போகாததைக் கண்டார்கள். நரம்பு எங்கே கைமாறுகிறது என்று வரைபடம் போட உதவியதே அந்த விஷம்தான்.

புகையிலை சேர்க்காமல் வெறும் பாக்குதான் போடுகிறேன். அதற்கே முகம் சூடாகி வியர்க்கிறதே? – பாக்கு உரிக்கும் தொழிலாளி, வாழப்பாடி

பாக்கிலுள்ள அரிகோலின் அசிட்டைல்கோலினின் வேடத்தில் மஸ்கரினிக் ஏற்பிகளைத் தட்டுகிறது. நிகோட்டினிக் ஏற்பியையும் ஓரளவு தொடும். எச்சில் ஊறுவதும் வியர்ப்பதும் அதனால். வியர்வைச் சுரப்பி பரிவு நரம்பின் கையில் இருந்தாலும் அங்கே கடைசியில் வெளிப்படுவது நார்அட்ரினலின் அல்ல, அசிட்டைல்கோலின்தான். விதிக்கு விலக்கான சுரப்பி. ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் பாக்கு மூச்சை இறுக்கும். புகையிலை இல்லாத வெறும் பாக்கையே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பட்டியலில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற பட்டியலில், வைத்திருக்கிறது. வாய் திறப்பு குறைகிறதா என்று பாருங்கள்: மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி வாயில் நுழைக்க முடியாவிட்டால் பல் டாக்டரிடம் போக வேண்டிய நேரம்.

எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. படுத்தால் அழுத்தம் 150க்கு மேல். பைரிடோஸ்டிக்மின் எழுதிக் கொடுத்தார்கள். இணையத்தில் பார்த்தால் ‘தசை பலவீன நோய்க்கு’ என்றிருக்கிறது. மாற்றிக் கொடுத்துவிட்டார்களா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், சூரமங்கலம்

மாற்றிக் கொடுக்கவில்லை. சொல்லப்போனால் மிக நேர்த்தியான யோசனை. உங்களுக்கு உப்பைத் தேக்கும் மாத்திரை கொடுத்தால் நிற்கும்போதும் ஏறும், படுக்கும்போதும் ஏறும். பைரிடோஸ்டிக்மின் அப்படி அல்ல. பரிவு முடிச்சில் வெளிப்படும் அசிட்டைல்கோலினைச் சற்று நேரம் தங்கவைக்கிறது. நிற்கும்போது அந்த வழியில் போக்குவரத்து அதிகம், அப்போது அது பெருக்கிக் காட்டும். படுத்திருக்கும்போது போக்குவரத்தே குறைவு, பெருக்க ஒன்றுமில்லை. கிடைக்கும் ஏற்றம் மிதமானதுதான். முடிச்சுக்கு அப்பாலுள்ள நரம்பு முனைகளே பட்டுப்போயிருந்தால் பலன் இன்னும் குறையும்.

வழக்கமாக 30 மில்லிகிராமில் தொடங்கி, தேவைப்பட்டால் 60 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை வரை போவார்கள். பலன் இருக்கிறதா என்பதை வீட்டிலேயே அளக்கலாம். ஐந்து நிமிடம் படுத்திருந்து ஒரு அளவு. எழுந்து நின்று 1ஆவது, 3ஆவது நிமிடத்தில் ஒவ்வொரு அளவு. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் நோய் இன்னும் அடங்கவில்லை. மாத்திரைக்கு முன்பும், போட்டு ஒரு மணி கழித்தும் இப்படி அளந்து எழுதிக்கொண்டு போங்கள். டாக்டருக்கு அதைவிட உதவியான காகிதம் இல்லை. வயிற்றுப் பிடிப்பு, பேதி, எச்சில் ஊறல் வந்தால் அளவைப் பற்றிப் பேசுங்கள். ஆஸ்துமாவோ, மிகக் குறைந்த நாடியோ, சிறுநீர் அடைப்போ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

தோட்டத்தில் களை பிடுங்கிய மறுநாள் என் தங்கைக்கு ஒரு கண்பாவை மட்டும் பெரிதாகிவிட்டது. வலி இல்லை. கண் டாக்டர் ஏதோ சொட்டு விட்டு, ஊமத்தை இருந்ததா என்று கேட்டார். – வாசகர், செவ்வாய்ப்பேட்டை

நல்ல டாக்டர். கண்பாவையைச் சுருக்கும் நரம்பு கண்ணுக்குப் பின்னால் சிலியரி முடிச்சில் கைமாறுகிறது. அந்த முடிச்சு பழுதானால் அப்பால் உள்ள தசை பட்டினி கிடந்து, கிடைக்கும் துளி அசிட்டைல்கோலினுக்கும் பாய்ந்து வரும். அதனால், அசிட்டைல்கோலின் போலவே வேலை செய்யும், ஆனால் சாதாரணக் கண்ணை அசைக்காத 0.125 சதவீத பைலோகார்பின் (1 சதவீதச் சொட்டில் ஒரு பங்கு, சலைன் ஏழு பங்கு) அந்தக் கண்பாவையைச் சுருக்கிவிடும். அரை மணி முதல் முக்கால் மணி வரை பொறுத்துப் பார்க்க வேண்டும். ஊமத்தைச் சாறு பட்ட கண் நேர் எதிர். அதில் அட்ரோபினின் உறவுக்காரர்கள் தசையின் ஏற்பியிலேயே உட்கார்ந்திருப்பதால், நீர்க்காத 1 சதவீதச் சொட்டுக்கும் சரியாகச் சுருங்காது. சில நாளில் தானாகச் சரியாகும்; அதுவரை வெயிலில் கறுப்புக் கண்ணாடி. ஊமத்தை பிடுங்கினால் கையைக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள். கண்பாவை விரிந்ததோடு இமை தொங்கியோ, தலை பிளக்கும் வலியோ, இரட்டைப் பார்வையோ இருந்தால் சோதனை சொட்டுக்கெல்லாம் நேரமில்லை. நேரே அவசரப் பிரிவு.

மறதி நோய்க்கு டோனெபெசில் போடும் அம்மாவுக்கு அடிக்கடி சிறுநீர் வருகிறதென்று இன்னொரு இடத்தில் ஆக்ஸிபியூட்டினின் கொடுத்தார்கள். மறதி கூடிவிட்டது. – வாசகி, அஸ்தம்பட்டி

ஒன்று அசிட்டைல்கோலினைச் சேர்க்கிறது. மற்றது அதன் கதவைச் சாத்துகிறது. சிறுநீர்த் தொல்லையே டோனெபெசிலால் வந்திருக்கலாம். இரண்டு சீட்டையும் ஒரே டாக்டரிடம் காட்டுங்கள். கூடவே நாடியையும் எண்ணுங்கள்: துடிப்பைக் குறைக்கும் துணைப்பரிவு நரம்பான வேகஸின் முடிச்சுகள் இதயச் சுவரிலேயே இருக்கின்றன, டோனெபெசில் அந்த வழியையும் பலப்படுத்தும். நாடியைக் குறைக்கும் அட்டினலால் போன்றதும் போடுகிறவருக்கு நாடி 50க்குக் கீழ் போனாலோ மயங்கி விழுந்தாலோ அன்றே காட்டுங்கள். ராத்திரி கெட்ட கனவு வருகிறதென்றால் காலையில் தரலாமா என்று கேளுங்கள். கடையில் சளிக்கு வாங்கும் குளோர்பெனிரமைன் மாத்திரையும் இதே கதவைச் சாத்தும் கூட்டம்தான்.

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுக்கும் வாந்தி. அடிவாரத்தில் புரோமெத்தசின் போட்டாலும் நிற்பதில்லை. – கல்லூரி மாணவர், சேலம்

அடிவாரத்தில் போட்டால் அது வேலை தொடங்குவதற்குள் நீங்கள் ஏரிக்கரையில் இருப்பீர்கள். ஒன்று முதல் இரண்டு மணி நேரம் முன்னதாகப் போட வேண்டும். இதுவும் மஸ்கரினிக் கதவைச் சாத்தும் மருந்துதான்: வாய் காயும், பார்வை கொஞ்சம் மங்கும், தூக்கம் வரும். அதனால் வண்டி ஓட்டுகிறவருக்கு இது கூடாது. தாத்தாவுக்கும் ஒன்று கொடுக்க நினைத்தால், அவருக்குப் பிராஸ்டேட் வீக்கம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்; இருந்தால் மேலே போனதும் சிறுநீர் அடைத்துக்கொள்ளக்கூடும்.